அரைக்கால்

ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து உள்ளே ஏழு கட்டை.
ஐந்தும் ஆறும் ஒரே மண்டபம்,
நடுவில் சுவருக்குப் பதில் ஓர் அலுமாரி.
அந்தப் பக்கம் சுற்றாடல் பாடம், நீர்க்காகம்.
இந்தப் பக்கம் பதினேழு பேரும் பின்னமும்.

அரையைக் காலால் வகுக்க வேண்டும்.
"திருப்பிப் போட்டுப் பெருக்குங்கோ" என்றேன்.
எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தது,
பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கித்தந்த வசனம்.

பவிசன் கையை உயர்த்தவில்லை, எழும்பியே நின்றான்.
"ஏன் ரீச்சர் திருப்பிறது?"
"அது விதி."
"வகுத்தாக் குறையத்தானே வேணும்.
அரையை வகுக்க ரெண்டு வருதெண்டா
மிச்சம் எங்கயிருந்து வந்தது?"

கடன்காரனுக்கு முன்னால் நிற்பதைப் போல நின்றேன்.
நாளைக்குச் சொல்லுறன் என்றுவிட்டுப்
பெருக்கலுக்குத் தாவினேன். அது லேசு.
தாளை இரண்டாய் மடித்து, மடித்ததை நாலாய் மடித்து
விரித்தால் எட்டுக் கட்டம்; ஒன்றுக்கு நிறம் தீட்டு.
தமிழில் பெயரே கணக்குத்தான், பாருங்கோ,
பெருக்கல் அடையாளம்கூட வேண்டாம்:
அரை, கால், அரைக்கால்.

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

மண்டபம் முழுக்கக் கேட்டிருந்தது.
அலுமாரிக்கு அப்பால் நீர்க்காகமும் நின்றுவிட்டது.
பதினாறு தலைகள் மெல்ல
மூன்றாம் வாங்குப் பக்கம் திரும்பின.
யதுர்சிகா அடிமட்டம் வைத்துக் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.
அவளின் அம்மாவை எல்லாருக்கும் தெரியும்,
படலையடியில் சைக்கிளை நிறுத்தி
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து இறங்குகிறவ.

சோக்கட்டி கைக்குள் வியர்த்தது.
எட்டில் ஒன்று என்றேன்.
எட்டில் ஒன்று, எட்டில் ஒன்று என்று
யாரும் கேட்காததைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அவள் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"எங்கட அம்மாக்கு அரைக்கால் இல்ல ரீச்சர்.
சொந்தக் கால் ஒண்டு.
வயலுக்குப் போடுற பொய்க்கால் ஒண்டு, அது ஒரே சேறு.
கோயிலுக்குப் போட ஒண்டு, புதுசு, சப்பாத்தோட.
மொத்தம் மூண்டு கால்."
கொஞ்சம் நிறுத்தி, அடிமட்டத்தால் மேசையில் தட்டி,
"முக்கால்."

முதலில் யார் சிரித்தது தெரியாது.
அவள்தான் என்று நினைக்கிறேன்.
நான் சிரிக்கலாமா என்று யோசித்து முடிக்குமுன்
அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.
(மூன்று தரம் கால். விடை சரி.)

இரவு அந்த அரை என்னை விடவில்லை.
அரிசி வாளிக்குள் சுண்டுப் பேணி கிடந்தது,
தினமும் கை வைக்கிற பழைய ரின்பால் பேணி.
நாலு சுண்டு ஒரு கொத்து.
அரைக் கொத்துக்குள் எத்தனை சுண்டு?
சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம்.

காலையில் பேணியோடு மணலில் இறங்கினோம்.
பவிசன் அள்ளினான். ஒண்டு. ரெண்டு.
வாளி முடிந்தது.
"இது பங்கு போடுறேல்ல," என்றான், "அளக்கிறது."
ஓம். பங்கு போட்டால் குறையும்.
எத்தனை தரம் அள்ளலாம் என்று கேட்டால்,
பேணி சின்னனாகச் சின்னனாக, தரம் கூடும்.
மிச்சம் எங்கேயிருந்தும் வரவில்லை,
மணல் அதே மணல்தான்.
"அப்ப ஏன் திருப்பிறது?"
விடமாட்டான்.
"ஒரு முழுக் கொத்துக்கு எத்தனை தரம்?"
"நாலு."
"அதுதான் காலைத் திருப்பினா வாற நாலு.
உன்னட்ட இருக்கிறது அரைக் கொத்து."
"நாலில அரைவாசி," என்றான்,
ஏதோ நான் ஒளித்து வைத்திருந்ததைப் போல என்னைப் பார்த்து.

பின்னேரம் கொப்பிகள்.
பதினேழில் பதினொன்று சரி.
பவிசனுக்கு விடை சரி, வழி எழுதவில்லை.
ஒருத்தன் இன்னும் அரையைக் காலால் வகுத்து
எட்டில் ஒன்று என்றே எழுதியிருக்கிறான்.
யதுர்சிகா எல்லாம் சரி;
கடைசி விடைக்குப் பக்கத்தில்
ஒரு சைக்கிள் கீறியிருந்தாள்.
சிவப்புப் பேனையைப் பிடித்தபடி
பெடல் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
அதற்கும் ஒரு சரி போட்டேன்.